ஊசி போடும்போது மயக்கம் வருகிறதா? மூத்தோருக்கான விளக்கம்

இரத்தம் எடுக்கும்போதும் தடுப்பூசி போடும்போதும் சிலருக்குத் தலை சுற்றும். பல் பிடுங்கும்போதும், காலில் உள்ள புண்ணைச் சுத்தம் செய்யும்போதும் இப்படி நேரலாம். கண் இருட்டும், காது அடைக்கும், உடம்பு வியர்த்துக் குளிர்ந்துபோகும். சிலர் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

ஒரு முறை இப்படி நேர்ந்தவர்களில் பலர் அதை வெளியில் சொல்வதில்லை. "இத்தனை வயதுக்குமேல் ஊசிக்குப் பயமா என்று சிரிப்பார்களே" என்று எண்ணி, அடுத்த முறை கிளினிக் தேதி வந்ததும் ஏதாவது காரணம் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போனவருக்கும், பாம்பையும் பூரானையும் பார்த்துப் பழகியவருக்கும் ஊசி மயக்கம் வரலாம். இது கோழைத்தனம் அல்ல. இரத்த அழுத்தம் சிறிது நேரம் குறைவதால் வருவது.

இந்தக் கையேட்டின் முக்கியச் செய்தி இதுதான்: ஊசி போடுவதற்கு முன்பே தாதியிடம் சொல்லுங்கள், படுத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்.

பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. அதாவது ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். நாம் "இனிப்பு நீர்" என்று சொல்லும் இந்த நோய் முதலில் வலி எதையும் தருவதில்லை. இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். கடந்த 2, 3 மாதங்களாகச் சர்க்கரை எந்த அளவில் இருந்தது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதையெல்லாம் இரத்தப் பரிசோதனைதான் காட்டும்.

ஊசிக்குப் பயந்து ஓர் ஆண்டு பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால், அந்த ஓர் ஆண்டில் சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் காலுக்கும் வரும் பாதிப்பு நமக்குத் தெரியாமலே வளரும். மயக்கம் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். கெட்டுப்போன சிறுநீரகம் அப்படித் தெளியாது.

உடம்பில் என்ன நடக்கிறது?

வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் சரியாக இருந்தால் எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் வரும். அழுத்தம் குறைந்தால் கீழே உள்ள குழாயில் வரும், மேல்மாடிக் குழாயில் வராது.

நம் உடம்பில் தலைதான் மேல்மாடி. ஊசியையோ இரத்தத்தையோ கண்டதும் சிலருக்கு முதலில் நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் சற்று ஏறும். பிறகு திடீரென்று எல்லாம் மாறிவிடும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் துடிப்பைக் குறைக்கும். அதே நேரத்தில் கால்களிலும் தசைகளிலும் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்துகொள்ளும். இரத்தம் கீழே தேங்கும். மூளைக்குப் போகும் இரத்தம் சில வினாடிகளுக்குக் குறையும். அதனால் மயக்கம் வருகிறது.

இந்த மயக்கத்துக்கு 1932ஆம் ஆண்டில் பெயர் வைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த இதய மருத்துவர் சர் தாமஸ் லூயிஸ். இரத்தக் குழாயும் வேகஸ் நரம்பும் சேர்ந்து செய்யும் வேலை என்பதால் இரண்டையும் சேர்த்தே பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இரத்த தானம் செய்பவர்கள் சிலர் மயங்குவதைக் கண்ட மருத்துவர்கள் அதை ஆராய்ந்தார்கள். தொண்டர்களிடமிருந்து இரத்தம் எடுத்து, மயக்கம் வரும் நேரத்தில் உடம்பில் நடப்பதை அளந்து பார்த்தார்கள். தசைகளில் உள்ள இரத்தக் குழாய்கள் அந்த நேரத்தில் விரிவதைக் கண்டு 1944இல் வெளியிட்டார்கள். ஆகவே இது வெறும் மனப்பயம் என்று தள்ளிவிடக்கூடியது அல்ல, அளந்து பார்க்கக்கூடிய உடல் மாற்றம்.

மயங்குபவர் கீழே சாய்ந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. மூளைக்கு மறுபடியும் இரத்தம் போகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்துவிடுவார். இந்த மயக்கத்தால் பொதுவாக ஆபத்து இல்லை. விழும்போது தலையில் அடிபடுவதும் இடுப்பு எலும்பு முறிவதும்தான் ஆபத்து. மூத்தவர்களுக்கு அது பெரிய ஆபத்து. முன்கூட்டியே படுத்துக்கொண்டால் அந்த ஆபத்து இல்லை.

"இவ்வளவு இரத்தம் எடுத்தால் உடம்பு தாங்குமா?"

இந்தக் கேள்வியை மூத்தவர்கள் பலர் கேட்கிறார்கள். பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 4 முதல் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. பரிசோதனைக்கு நிரப்பும் சிறிய குழாய் ஒன்றில் 3 முதல் 5 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். இரண்டு குழாய் எடுத்தாலும் மொத்தம் இரண்டு தேக்கரண்டிதான். உடம்பு அதைத் தானாகவே ஈடுசெய்துவிடும். ஆகவே மயக்கம் வருவது இரத்தம் குறைந்ததால் அல்ல. ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்காமல், ஊசியைப் பார்த்ததும் மயங்குபவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்துத் தோட்ட மருத்துவமனையில் கண்ணாடி ஊசிக்குழலை வெந்நீரில் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது சிலருக்கு நினைவிருக்கும். ஊசி முனையும் தடிமனாக இருந்தது. டிரஸ்ஸர் வருகிறார் என்றாலே பிள்ளைகள் ஓடி ஒளிந்த காலம் அது. இன்று ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி. ஒரு முறை பயன்படுத்தியதும் அதை எறிந்துவிடுகிறார்கள். இன்சுலின் பேனாவில் பொருத்தும் ஊசிகளில் 4 மில்லிமீட்டர் நீளம் மட்டுமே உள்ளவையும் உண்டு. பழைய வலியை நினைத்துப் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

மூத்தவர்கள் ஏன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

ஊசி மயக்கம் இளையவர்களிடம்தான் அதிகம். மூத்தவர்களுக்கு வேறு சில காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன.

முதலாவது, பசியாறாமல் வருவது. சில பரிசோதனைகளுக்கு இரவு முழுவதும் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். காலையில் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் நேரமும் சேர்ந்தால் உடம்பு தளர்ந்துபோகும். உணவுதான் கூடாதே தவிர, பெரும்பாலான பரிசோதனைகளுக்குப் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். தண்ணீரும் குடிக்காமல் வருவது மயக்கத்தை வரவழைக்கும்.

இரண்டாவது, மாத்திரைகள். இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளும் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை இறக்கிவிடலாம். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்தக்கூடாது. மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, சர்க்கரை குறைவது. நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டோ இன்சுலின் குத்திக்கொண்டோ பசியாறாமல் வந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வெறும் வயிற்றில் வரச் சொன்னால், "அன்று காலை மருந்தை எப்போது எடுப்பது?" என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தையும் ரொட்டியையும் கையோடு கொண்டுவாருங்கள். இரத்தம் எடுத்து முடிந்ததும் பசியாறிவிட்டு, மருத்துவர் சொன்னபடி மருந்தை எடுத்துக்கொள்ளலாம்.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது?

எல்லாத் தாதியருக்கும் தமிழ் தெரியாது. "சொல்லத் தெரியவில்லை" என்பதாலேயே பேசாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. கீழே உள்ள மலாய் வாக்கியங்களை அப்படியே படித்துக் காட்டலாம்.

"சாயா பெர்னா பெங்சான் பிலா கெனா சுச்சுக்." ஊசி போட்டபோது நான் மயங்கியிருக்கிறேன் என்று பொருள்.

"போலே சாயா பாரிங்?" நான் படுத்துக்கொள்ளலாமா என்று பொருள்.

"சாயா ராசா பெனிங்." எனக்குத் தலை சுற்றுகிறது என்று பொருள்.

இவ்வளவு சொன்னால் போதும். படுக்கவைத்து ஊசி போடுவது தாதியருக்குப் புதிதல்ல. அதற்காக உங்களை யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். எச்சரிக்காமல் நாற்காலியிலிருந்து ஒருவர் சரிந்து விழுவதுதான் அவர்களுக்குச் சிரமம்.

ஊசிக்கு முன்

முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். தடுப்பூசிக்கோ பல் பிடுங்கவோ போவதாக இருந்தால் பசியாறிவிட்டே போகலாம். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் மட்டும் சாப்பிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் தண்ணீர் குடியுங்கள். இதய பலவீனமோ சிறுநீரக நோயோ இருந்து, தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்டாதீர்கள்.

கூட ஒருவரை அழைத்துவாருங்கள். மகனோ மகளோ பேரப்பிள்ளையோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராக இருந்தாலும் சரி. நீங்களே மோட்டார் ஓட்டிக்கொண்டு தனியாக வருவதைத் தவிருங்கள்.

நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பெயர்களைக் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும்.

ஊசி போடும்போது

ஊசியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். கூட வந்தவரிடம் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள், அது தலைசுற்றலை அதிகமாக்கும். நிதானமாக மூச்சு விடுங்கள்.

ஊசி மயக்கம் வருபவர்களுக்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. சுவீடன் நாட்டின் உளவியல் அறிஞர் லார்ஸ்-கோரன் உஸ்ட் 1980களில் இதை ஆராய்ந்து பயன் கண்டார். தசைகளை இறுக்கினால், கீழே தேங்கும் இரத்தம் மேலே தள்ளப்படும், இறங்கும் இரத்த அழுத்தம் ஏறும். இதுதான் அந்தப் பயிற்சி செய்யும் வேலை.

1. கால், தொடை, வயிறு, கை ஆகியவற்றின் தசைகளை 10 முதல் 15 வினாடி வரை இறுக்குங்கள். முகம் இலேசாகச் சூடாவது தெரியும்.
2. பிறகு இறுக்கத்தைத் தளர்த்தி 20 முதல் 30 வினாடி சாதாரணமாக இருங்கள்.
3. இப்படி 5 முறை செய்யுங்கள்.
4. ஊசி போடும் கையை மட்டும் இறுக்காமல் தளர்வாக வைத்திருங்கள்.
5. மூச்சை அடக்காதீர்கள்.

இதை வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே பழகலாம். ஆனால் இதய நோய், கட்டுக்குள் வராத இரத்தக் கொதிப்பு, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள். உங்களுக்குப் படுத்துக்கொள்வதே போதும்.

ஊசிக்குப் பிறகு

உடனே எழுந்து நடக்காதீர்கள். ஊசி போட்டபின் வரும் மயக்கம் பெரும்பாலும் முதல் 15 நிமிடத்துக்குள் வந்துவிடும். கோவிட் தடுப்பூசி போட்ட காலத்தில் எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் காத்திருக்கச் சொன்னது நினைவிருக்கும். ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பதோடு, மயங்கி விழாமல் காப்பதற்கும் அந்தக் காத்திருப்பு உதவியது.

அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் 5 தடுப்பூசி மையங்களில் சிலருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் வந்ததால், அவற்றில் 4 மையங்களில் ஊசி போடுவதைச் சற்று நிறுத்திவைத்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில் 64 பேருக்குப் பதற்றத்தால் வந்த அறிகுறிகள் இருந்தன. அவர்களில் 17 பேர் மயங்கியிருந்தார்கள். மருந்தில் கோளாறு இல்லை. ஒருவர் மயங்குவதைப் பார்த்தால் அடுத்தவருக்கும் பதற்றம் வரும். ஆகவே பக்கத்தில் யாராவது மயங்கினால் "மருந்து கெட்டது" என்று முடிவுகட்டி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

படுத்திருந்தால் முதலில் எழுந்து உட்காருங்கள். சில நிமிடம் கழித்து மெதுவாக நில்லுங்கள். ஏதாவது பிடித்துக்கொண்டு நடங்கள்.

கூட வந்தவர் செய்ய வேண்டியது

முகம் வெளுத்து, வியர்த்து, பேச்சு குறைந்தால் மயக்கம் வருகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். உடனே தாதியைக் கூப்பிட்டு, அவரைப் படுக்கவையுங்கள். முடிந்தால் கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். சட்டைக் கழுத்தைத் தளர்த்திவிடுங்கள்.

மயங்கியவரைத் தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைக்காதீர்கள். அப்படிச் செய்தால் மூளைக்கு இரத்தம் போவது தடைபடும். நினைவு திரும்பும்வரை தேத்தண்ணீரோ மைலோவோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். கோடாலித் தைலத்தை மூக்கில் அப்புவதும், முகத்தில் தண்ணீர் அடிப்பதும் தேவையில்லை.

மயங்கியவரின் கைகால்கள் சில வினாடி வெட்டி இழுக்கலாம். மூளைக்கு இரத்தம் குறையும்போது இப்படி ஆவதுண்டு. இதைக் கண்டதும் வலிப்பு நோய் என்று முடிவுசெய்து, கையில் இரும்பையோ வாயில் கரண்டியையோ வைக்காதீர்கள். தாதியிடம் பார்த்ததைச் சொல்லுங்கள்.

எப்போது இது சாதாரண மயக்கம் அல்ல?

ஊசி மயக்கம் படுத்ததும் தெளியும். தெளியாவிட்டால் வேறு காரணம் இருக்கலாம்.

ஒவ்வாமை: உடம்பில் தடிப்பும் அரிப்பும் வரும். உதடும் முகமும் வீங்கும், மூச்சுத் திணறும். இது உயிருக்கு ஆபத்தானது. உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை குறைவு: கை நடுங்கும், பசிக்கும், வியர்க்கும், பேச்சு குழம்பும். படுத்தாலும் சரியாகாது. சர்க்கரை அளவு 4க்குக் கீழே இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். நினைவோடு இருப்பவருக்கு 3 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

இதயக் கோளாறு: நெஞ்சு வலி, கடுமையான படபடப்பு, நடக்கும்போதோ படுத்திருக்கும்போதோ திடீரென்று வரும் மயக்கம்.

பக்கவாதம்: வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சு குளறுதல்.

வீட்டில் இவற்றில் எதைக் கண்டாலும் 999 எண்ணை அழையுங்கள். தானாகத் தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைக்குள் இரத்தம் கசிவது பல மணி நேரம் கழித்தே தெரியக்கூடும்.

இளவயதில் ஒரு முறையும் மயங்காதவர் 60 வயதுக்குமேல் முதல் முறையாக மயங்கினால், "ஊசியால்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத் துடிப்பையும், படுத்தும் நின்றும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துப் பார்ப்பார்கள்.

அடுத்த முறை போகும்போது

நீலாய் வட்டாரத்தில் தோட்டங்களிலும், தோட்டம் விட்டுத் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறியவர்களில் பலருக்கு இன்று 60 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மருந்து எடுப்பவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆன, குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசச் சுகாதாரப் பரிசோதனை கிடைக்கிறது. அதிலும் இரத்தப் பரிசோதனை உண்டு. தகுதி இருக்கிறதா என்று கிளினிக்கில் அடையாளக் கார்டைக் காட்டிக் கேளுங்கள்.

முன்பு மயங்கிய காரணத்தால் பரிசோதனையை விட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரைக் கேலி செய்யாமல் இந்தக் கையேட்டைப் படித்துக் காட்டுங்கள். கிளினிக் அட்டையின் பின்புறம் "ஊசி போட்டால் மயக்கம் வரும், படுக்கவைக்கவும்" என்று மலாயில் எழுதி வையுங்கள்: "பெர்னா பெங்சான். சீலா பாரிங்கான்." அதைத் தாதியிடம் நீட்டினால் போதும்.

விட்டுப்போன பரிசோதனைத் தேதியை இந்த வாரமே கிளினிக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.